அந்த வளைகோடு யாருடையது?

செல்லோ கற்றுக்கொள்ளும் எவரும் என்றாவது ஒரு நாள் அந்த முதல் பக்கத்துக்கு வந்து சேர்கிறார். யோஹான் செபாஸ்தியன் பாஹ் தனிச் செல்லோவுக்கு எழுதிய 6 தொகுதிகளில் முதலாவது, ஜி மேஜரில் அமைந்தது. அதன் முகப்புப் பகுதியான பிரெலூட். பெயரைச் சொன்னால் தெரியாதவர்களும் கேட்ட மாத்திரத்தில் "இதுவா!" என்பார்கள். திரைப்படங்களும் விளம்பரங்களும் அதை அவ்வளவு பழக்கப்படுத்திவிட்டன. பக்கவாத்தியம் கிடையாது, பாட்டு கிடையாது. ஒற்றைச் செல்லோ, ஒரு வில், அலை அலையாக எழுந்து தணியும் ஸ்வரங்கள்.

அந்த முதல் பாரில் 16 ஸ்வரங்கள். எட்டெட்டாக இரண்டு குழுக்கள், இரண்டும் ஒன்றேதான். தாழ்ந்த ஜியில் தொடங்கி, டிக்கு ஏறி, அதற்கு மேல் பியைத் தொட்டு, ஒரு படி இறங்கி ஏறி ஊசலாடும் எளிய கோலம். இடது கைக்குப் பெரிய சிரமம் இல்லை. வலது கையில்தான் கேள்வி எழுகிறது. அந்த எட்டில் எத்தனை ஸ்வரங்களை ஒரே வில்வீச்சில் சேர்ப்பது?

இசைத்தாளில் இதைச் சொல்வது ஸ்லர் எனப்படும் வளைகோடு. எந்தெந்த ஸ்வரங்களின் மேல் அது கவிந்திருக்கிறதோ, அவற்றை வில்லைத் திருப்பாமல் ஒரே மூச்சாக வாசிக்க வேண்டும். முதல் 3 ஸ்வரங்களை ஒரு இழுப்பில் சேர்த்து, மீதி 5ஐத் தனித்தனியாக வாசித்தால் மொத்தம் 6 வில்வீச்சுகள். இரட்டைப்படை என்பதால் அடுத்த குழுவும் இழுப்பிலேயே தொடங்கும். கையின் கனம் ஒவ்வொரு முறையும் அடியிலுள்ள ஜியில் விழும். முதல் 4ஐச் சேர்த்தால் வில்வீச்சு 5 ஆகிவிடுகிறது. இரண்டாவது குழு தள்ளுவில்லில் தொடங்கும், கனம் மாறுகிறது. எட்டையும் ஒரே வீச்சில் சேர்த்தாலோ பேச்சே இல்லை, நீரோட்டம்தான். மூன்று வகையும் செல்லோக்காரர்களிடையே வழக்கில் இருந்திருக்கின்றன. ஸ்வரம் ஒன்றுகூட மாறவில்லை. ஆனாலும் கேட்பவர் காதில் விழுவது மூன்று வெவ்வேறு இசை.

அப்படியானால் பாஹ் எதை எழுதினார்? இந்தச் சொற்பொழிவு முழுவதும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றியே வருகிறது. அதற்கு நேரடியான பதில் கிடையாது. பாஹ் தம் கைப்பட எழுதிய மூலம் தொலைந்துவிட்டது.

1717 முதல் 1723 வரை பாஹ் ஜெர்மனியில் கெத்தன் என்ற சிற்றரசின் அவையில் இசைத் தலைவராக இருந்தார். இந்த 6 தொகுதிகளும் அந்தக் காலத்தில் உருவானவை என்பதே பொதுவான கருத்து. எஞ்சியிருப்பவை 18ஆம் நூற்றாண்டில் பிறர் எழுதிய 4 கைப்பிரதிகள். ஒன்று, பாஹின் இரண்டாம் மனைவி அன்னா மக்தலேனா 1727க்கும் 1731க்கும் இடைப்பட்ட காலத்தில் எழுதியது. இன்னொன்று, துரிங்கியாப் பகுதியில் ஆர்கன் வாசித்து வந்த யோஹான் பீட்டர் கெல்னர் 1726 வாக்கில் எழுதியது. மற்ற இரண்டும் அந்த நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தவை. எழுதியவர் பெயர் தெரியாதவை. மூன்று பிரதிகள் பெர்லினில் இருக்கின்றன, ஒன்று வியன்னாவில். நான்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. ஸ்வரங்களில் பாடபேதம் உண்டு; வளைகோடுகளிலோ பக்கத்துக்குப் பக்கம் உண்டு.

அன்னா மக்தலேனாவின் பிரதிக்கு ஒரு தனி மரியாதை இருக்கிறது. பாஹ் இருந்த வீட்டிலேயே, மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதப்பட்டது என்று நம்பப்படுகிற பிரதி அது. அவர் தொழில்முறைப் பாடகி. கெத்தன் அவையில் சம்பளம் வாங்கிப் பாடியவர். 1721 டிசம்பரில் பாஹை மணந்தார். 13 பிள்ளைகளைப் பெற்றார். அந்த வீட்டின் சந்தடிக்கு நடுவே உட்கார்ந்து கணவரின் இசையைப் பக்கம் பக்கமாகப் பிரதி எடுத்தார். கையெழுத்து தெளிவாக, அழகாக, கணவரின் கையெழுத்தைப் போலவே இருக்கும். ஷ்வான்பெர்க் என்ற இசைக்கலைஞருக்காக எழுதப்பட்ட பிரதி இது. முகப்புப் பக்கத்தில், இசையமைத்தவர் பாஹ், எழுதியவர் அவர் மனைவி என்று பிரெஞ்சில் குறித்திருப்பவரும் ஷ்வான்பெர்க்கே. அந்த 'எழுதியவர்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, தொகுதிகளை இயற்றியதே அன்னா மக்தலேனாதான் என்று ஒரு வாதம் சில ஆண்டுகளுக்கு முன் கிளம்பியது. பரபரப்பான செய்திதான், ஆனால் நிற்காது. அதே முகப்புப் பக்கம் இசையமைத்தவர் யார் என்று தனியாகச் சொல்கிறது. எழுதியவர் என்றால் இங்கே பிரதி எடுத்தவர்.

இவ்வளவு அருமையான பிரதியில் சிக்கல் எங்கே? வளைகோட்டில்தான். பல இடங்களில் அது ஸ்வரங்களின் மேல் சற்று உயரத்தில், வலப்பக்கம் ஒதுங்கி மிதக்கிறது. எந்த ஸ்வரத்தில் தொடங்குகிறது, எந்த ஸ்வரத்தில் முடிகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஒரே கோலம் அடுத்த வரியில் திரும்பி வரும்போது கோடு வேறு இடத்தில் நிற்கிறது. முதல் பாரில் அது முதல் 3 ஸ்வரங்களின் மேல் இருப்பதாகப் பெரும்பாலானோர் படிக்கிறார்கள். அடுத்தடுத்த பார்களில் அதே உறுதி கிடைப்பதில்லை.

இதைச் சோதிக்க ஒரு வழி இருந்தது. பாஹ் தனி வயலினுக்கு எழுதிய 6 படைப்புகளின் மூலம், 1720 என்று தேதியிட்டு அவர் கைப்படவே எழுதியது, தொலையாமல் நம்மிடம் இருக்கிறது. அதற்கும் அன்னா மக்தலேனா ஒரு பிரதி எடுத்திருக்கிறார். செல்லோ பிரதியோடு சேர்ந்து அதுவும் ஷ்வான்பெர்க்குக்குத்தான் போனது. ஆகவே மூலத்தையும் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவர் எப்படிப் பிரதி எடுப்பார் என்று பார்த்துவிடலாம். ஆய்வாளர்கள் பார்த்தார்கள். ஸ்வரங்களைப் பெரும்பாலும் பிசகாமல் எழுதியிருக்கிறார். வளைகோடுகளை அள்ளித் தெளித்தாற்போலப் போட்டிருக்கிறார். மூலத்தில் தெளிவாக இருப்பது பிரதியில் இடம் நகர்ந்திருக்கிறது. வில் பிடித்துப் பழகாத பாடகியின் கண்ணுக்கு, அந்தக் கோடு ஒரு ஸ்வரம் தள்ளி நின்றால் வில் தலைகீழாகிவிடும் என்பது உறைத்திருக்காது. அதில் குற்றம் காண ஒன்றும் இல்லை. அவர் எழுதி வைத்திராவிட்டால் நமக்கு மிஞ்சியிருப்பது இதைவிடக் குறைவு.

கெல்னரின் பிரதியோ வேறு ரகம். இசை தெரிந்தவர், அவசரக்காரர். ஐந்தாம் தொகுதியில் சராபாண்ட் என்ற நடனப் பகுதியையே விட்டுவிட்டார். அதன் கடைசி நடனமான ஜீக்கில் சில பார்களோடு நிறுத்திக்கொண்டார். ஆனால் மற்றவர்களிடம் மங்கலாக இருக்கும் சில இடங்களில் அவர் பிரதி கைகொடுக்கிறது. இப்படி நாலு சாட்சிகள், நாலு வாக்குமூலங்கள்.

இனி அச்சுக்கு வருவோம். இந்த இசை எழுதப்பட்டு நூறு ஆண்டுகளுக்குப் பிறகே முதன்முதலாக அச்சேறியது: 1824, பாரிஸ். பதிப்பித்தவர் செல்லோ கலைஞர் லூயி-பியர் நோர்ப்ளான். அதன் தலைப்பைக் கவனிக்க வேண்டும். சொனாட்டா அல்லது பயிற்சிப் பாடம் என்று போட்டிருந்தார்கள். மேடைக்குரிய இசையாக யாரும் இதை நினைக்கவில்லை. விரல் பழகுவதற்கான பாடம் என்றே எண்ணினார்கள். 1826இல் டிரெஸ்டனின் டோட்ஸவர் இன்னொரு பதிப்பு கொண்டுவந்தார். 1853இல் ராபர்ட் ஷூமான், ஒற்றைச் செல்லோ மேடையில் நிற்காது என்று எண்ணியோ என்னவோ, தொகுதிகளுக்குப் பியானோ பக்கவாத்தியமே எழுதினார். அதில் மூன்றாம் தொகுதிக்கு எழுதியது மட்டும் நம் கைக்கு வந்திருக்கிறது.

பிறகு வருகிறார் ஃபிரீட்ரிஹ் குருட்ஸ்மாஹர். 19ஆம் நூற்றாண்டின் பெரிய செல்லோ ஆசிரியர்களில் ஒருவர். 1866 வாக்கில் லைப்சிக்கின் பீட்டர்ஸ் நிறுவனம் வெளியிட்ட அவருடைய கச்சேரிப் பதிப்பைத் திறந்தால், பாஹ் எங்கே, குருட்ஸ்மாஹர் எங்கே என்று பிரித்தறிவது கடினம். பாஹின் பிரதிகளில் ஓசையின் ஏற்ற இறக்கத்துக்கான குறிகள் மிக மிகக் குறைவு; இவருடைய பதிப்பில் வரிக்கு வரி பெருக்கு, தணி, அழுத்து, உணர்ச்சியோடு வாசி என்று கட்டளைகள். ஒற்றை ஸ்வரங்கள் இருந்த இடத்தில் கூட்டொலிகள் சேர்ந்தன, அணிகள் ஏறின, வளைகோடுகள் அவர் கைக்கு இசைந்தபடி அமைந்தன. இதே கைதான் போக்கெரினியின் பி ஃபிளாட் செல்லோ கான்செர்ட்டோவிலும் விளையாடியது. அதன் நடுப்பகுதியை எடுத்துவிட்டு, போக்கெரினியின் வேறொரு கான்செர்ட்டோவிலிருந்து ஒரு மெதுவான பகுதியைக் கொண்டுவந்து வைத்தார். முதற்பகுதியையும் கடைசிப்பகுதியையும் வெட்டி ஒட்டித் திருத்தினார். 1895இல் அது அச்சாகி, பல தலைமுறைகளுக்கு அதுவே போக்கெரினி ஆகிப்போனது. ஜாக்குலின் டு பிரே 1967இல் பதிவு செய்ததும் குருட்ஸ்மாஹரின் போக்கெரினியைத்தான். அந்த ஒலிப்பதிவு அபாரமானது. அதற்காகக் குருட்ஸ்மாஹரை மன்னித்துவிடவும் தோன்றும். ஆனாலும் உறையின் மேல் இரண்டு பெயர்கள் இருந்திருக்க வேண்டும்.

இது குருட்ஸ்மாஹர் ஒருவரின் பழக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. சைக்கோவ்ஸ்கி செல்லோவுக்கு எழுதிய ரொக்கோகோ மாறுபாடுகளுக்கு நேர்ந்ததும் இதுதான், அதுவும் இயற்றியவர் உயிரோடு இருக்கும்போதே. 1877 இறுதியில் மாஸ்கோவில் அதை முதன்முதலாக மேடையேற்றிய செல்லோ கலைஞர் வில்ஹெல்ம் ஃபிட்ஸன்ஹாகன், மாறுபாடுகளின் வரிசையைக் கலைத்துப் போட்டார். 7ஆவதை 3ஆவது இடத்துக்குக் கொண்டுவந்தார். 3ஆவதாக இருந்த, டி மைனரில் அமைந்த சோகமான மாறுபாட்டைக் கடைசிப்பக்கம் தள்ளினார். 8ஆவதைத் தூக்கியே எறிந்தார். கச்சேரியில் கைதட்டு எங்கே விழும் என்று தெரிந்த கலைஞர் செய்த வேலை அது. சைக்கோவ்ஸ்கிக்குப் பிடிக்கவில்லை, ஆனால் விட்டுவிட்டார். மூல வரிசை இப்போது அச்சில் கிடைக்கிறது. இருந்தும் இன்றைக்கும் மேடைகளில் அதிகம் ஒலிப்பது ஃபிட்ஸன்ஹாகனின் வரிசையே. 3ஆவதையும் 7ஆவதையும் அதனதன் இடத்தில் வைத்துக் கேட்டுப் பார்த்தால், சைக்கோவ்ஸ்கி கட்டிய வீட்டின் படிக்கட்டு எங்கே போகிறது என்று புரியும். மூல வரிசையையே மேடையேற்ற வேண்டும் என்று இங்கே தயக்கமின்றிச் சொல்லலாம்.

பாஹிடம் திரும்புவோம்.

1890. பார்சிலோனாவின் துறைமுகத்துக்கு அருகே பழைய இசைத்தாள்கள் விற்கும் ஒரு கடை. 13 வயதுச் சிறுவன் ஒருவன் தந்தையோடு அங்கே நுழைகிறான். சிற்றுண்டிச் சாலையில் செல்லோ வாசித்துக் கொண்டிருந்த பையன். அங்கே வாசிக்கப் புதிதாக ஏதாவது கிடைக்குமா என்று தாள்களைக் கிளறுகிறான். அகப்பட்டது பாஹின் 6 தொகுதிகள். பாஹ் இப்படியும் எழுதியிருக்கிறார் என்பதே அவனுக்கு அதுவரை தெரியாது. அந்தச் சிறுவன்தான் பாப்லோ கசால்ஸ். வீட்டுக்கு எடுத்துப்போய் 12 ஆண்டுகள் வாசித்துப் பழகிய பிறகே ஒரு தொகுதியை முழுமையாக மேடையில் வாசிக்கத் துணிந்ததாக அவர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அதுவரை ஒரு சராபாண்ட், ஒரு கவோட் என்று துண்டு துண்டாகவே இது மேடைக்கு வந்தது. பிரெலூட் முதல் ஜீக் வரை ஒரே மூச்சில் வாசித்து, பயிற்சிப் பாடம் என்ற பெயரை அழித்தவர் அவர். 1936 முதல் 1939 வரை, சொந்த நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டு முடிந்த அந்த ஆண்டுகளில், லண்டனிலும் பாரிஸிலும் 6 தொகுதிகளையும் பதிவு செய்தார். முழுத் தொகுப்பாக வந்த முதல் ஒலிப்பதிவு அது.

இதில் நெகிழ வைக்கும் செய்தி ஒன்று உண்டு. அந்தக் கடையில் சிறுவன் கையில் கிடைத்தது குருட்ஸ்மாஹரின் பதிப்பு என்றே சொல்லப்படுகிறது. மூலத்தை அவ்வளவு மூடி மறைத்த தாளிலிருந்து, வாசித்து வாசித்து, அடியில் இருந்த இசையைக் கசால்ஸ் தோண்டி எடுத்திருக்கிறார். அவர் தமக்கென்று பதிப்பு எதையும் வெளியிடவில்லை. ஆனால் அவருடைய ஒலித்தட்டே ஒரு பதிப்பாகிவிட்டது. அதன் பிறகு வந்த பலர் தாளைப் பார்த்தது பாதி, கசால்ஸைக் கேட்டது மீதி என்று வாசித்தார்கள்.

மூலத்தை நோக்கித் திரும்பும் முயற்சி ஓய்ந்துவிடவில்லை. 1879இல் பாஹ் சங்கத்தின் பெருந்தொகுப்புக்காக டோர்ஃபெல் பதிப்பித்தார். 1950இல் பேரன்ரைட்டர் நிறுவனத்துக்காக ஆகஸ்ட் வென்ட்ஸிங்கர் செய்த பதிப்பு, மாணவர்களின் ஸ்டாண்டுகளில் நெடுங்காலம் இருந்தது. இன்னொரு பக்கம் வாத்தியத்தையே பழைய நிலைக்குக் கொண்டுபோகும் இயக்கம் வளர்ந்தது. எஃகுத் தந்திக்குப் பதில் விலங்கின் குடலில் முறுக்கிய நரம்பு. செல்லோவைத் தரையில் ஊன்றும் கம்பியை எடுத்துவிட்டு, கெண்டைக்கால்களுக்கு இடையே இடுக்கிப் பிடிப்பது. இன்றைய வில் நடுவில் உள்நோக்கி வளைந்தது. பாஹ் காலத்து வில் வெளிநோக்கி மெல்லப் புடைத்தது, நுனியில் கனம் குறைந்தது. சுருதியையும் இறக்கினார்கள்: இன்றைய ஏ 440 என்றால், பழைய முறையில் வாசிக்கும் இசைக்குழுக்கள் பொதுவாக 415இல் வைக்கின்றன.

இதெல்லாம் காட்சிப்பொருள் ஆர்வம் என்று ஒதுக்குவோர் உண்டு. அவர்கள் ஒரு முறையாவது குடல் நரம்பில் அந்த முதல் பாரைக் கேட்க வேண்டும். எஃகுத் தந்தியில் ஒவ்வொரு ஸ்வரமும் உருண்டு திரண்டு நீளும். குடல் நரம்பில் ஸ்வரம் ஒரு மெய்யெழுத்தோடு பிறக்கும். 'க', 'த' என்று ஒரு சின்ன உரசல், பிறகு உடனே மெலிவு. அங்கே மூன்றைச் சேர்ப்பதும் ஐந்தைப் பிரிப்பதும் பேச்சின் அசை பிரிப்பு போல ஆகிவிடுகிறது. எஃகில் அலங்காரமாகத் தெரிந்த வளைகோடு, குடல் நரம்பில் உச்சரிப்பு ஆகிறது.

நெதர்லாந்தின் செல்லோ கலைஞர் ஆனர் பில்ஸ்மா இதை முழு நம்பிக்கையோடு பற்றிக்கொண்டார். 1998இல் பாஹை வாள்வீச்சு ஆசானாகச் சித்திரிக்கும் தலைப்பில் ஒரு நூல் எழுதினார். அன்னா மக்தலேனாவின் வளைகோடுகளைத் தவறு என்று தள்ளாதீர்கள், எழுதியபடியே வாசித்துப் பாருங்கள் என்பதே அதன் சாரம். ஒரே கோலம் திரும்பி வரும்போது வில் மாறுவது கவனக்குறைவு ஏன் ஆக வேண்டும்? வாள்வீரன் ஒரே வெட்டை இரண்டு முறை ஒரே மாதிரி வீசுவதில்லையே என்று அவர் வாதம் போகிறது. வயலின் பிரதியின் சாட்சியம் அவருக்கு எதிராகவே இருக்கிறது. இருந்தாலும் அவர் வாசிப்பைக் கேட்டவர்களுக்கு அந்த ஒழுங்கற்ற வளைகோடுகள் உயிரோடு பேசுவது தெரியும். வரலாற்று ஆதாரம் ஒரு பக்கம், கையின் அனுபவம் ஒரு பக்கம். இரண்டையும் அருகருகே வைத்துக்கொண்டு வாசிப்பவரே நல்ல செல்லோக்காரர்.

பில்ஸ்மாவிடம் இன்னொரு பொருத்தமும் உண்டு. 1979இல் பழைய முறைச் செல்லோவில் 6 தொகுதிகளையும் பதிவு செய்த பில்ஸ்மா, 1992இல் மறுபடியும் பதிவு செய்தபோது எடுத்துக்கொண்டது வாஷிங்டனின் ஸ்மித்சோனியனில் இருக்கும் 1701ஆம் ஆண்டு ஸ்ட்ராடிவேரியஸ் செல்லோ. அது சுமந்திருப்பது 19ஆம் நூற்றாண்டின் பெல்ஜியக் கலைஞர் செர்வேயின் பெயரை. செல்லோவைத் தரையில் ஊன்றும் கம்பியைப் பரவலாக்கியவர் அவரே.

கடைசி இரண்டு தொகுதிகள் வாத்தியத்தையே கேள்விக்குள்ளாக்குகின்றன. ஐந்தாம் தொகுதிக்கு, செல்லோவின் மேல் தந்தியை ஏயிலிருந்து ஒரு படி இறக்கி ஜியில் சுருதி சேர்க்க வேண்டும். சி மைனரின் இருட்டு அதில் கூடுகிறது. கூட்டொலிகள் விரலுக்கு வாகாக விழுகின்றன. பலரும் இன்று தந்தியை இறக்காமல் வழக்கமான சுருதியிலேயே வாசிக்கிறார்கள். இந்த ஒரு தொகுதிக்கு மட்டும் பாஹின் கைப்பட எழுதிய ஏடு கிடைத்திருக்கிறது, ஆனால் செல்லோவுக்கு அல்ல. இதே இசையை ஜி மைனரில் லூட் வாத்தியத்துக்காக மாற்றி எழுதியது. பிரஸ்ஸல்ஸில் இருக்கிறது. ஐந்தாம் தொகுதியின் சராபாண்ட் செல்லோவில் கூட்டொலியே இல்லாமல், ஒவ்வொரு ஸ்வரமாகத் தனித்து நடக்கும் இசை. 2002 செப்டம்பர் 11 அன்று, நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்த இடத்தில் இறந்தோர் பெயர்கள் வாசிக்கப்பட்டபோது யோ-யோ மா வாசித்தது அதைத்தான்.

ஆறாம் தொகுதி 5 தந்தி வாத்தியத்துக்கு என்று அன்னா மக்தலேனாவின் பிரதி தலைப்பிலேயே சொல்கிறது. மேலே கூடுதலாக ஒரு ஈ தந்தி. எந்த வாத்தியம் அது? சிறிய செல்லோவா, அல்லது வாரில் கட்டித் தோளில் சாய்த்து வாசிக்கும் வகையா? பெல்ஜியத்தின் சிகிஸ்வால்ட் குய்க்கன் தோளில் ஏந்தும் வாத்தியத்திலேயே 6 தொகுதிகளையும் பதிவு செய்து காட்டினார். வழக்கமான 4 தந்திச் செல்லோவில் ஆறாம் தொகுதியை வாசிக்க, கட்டைவிரலைத் தந்தியின் மேல் வைத்து மிக உயரத்துக்கு ஏற வேண்டும். கேட்பவருக்கு அந்தச் சிரமம் ஒரு வீரமாகத் தெரியும்; 5 தந்தியில் அதுவே இலகுவான, வெயில் பட்ட இசை.

இரண்டாம் தொகுதியின் பிரெலூட் முடிவும் இப்படி ஒரு கேள்வியை விட்டுவைக்கிறது. ஓயாமல் ஓடிவந்த ஸ்வரங்கள் சட்டென நின்று, கடைசி 5 பார்களில் பாருக்கு ஒரு கூட்டொலி மட்டும் எழுதியிருக்கிறது. எழுதியபடி நீட்டி வாசிப்பவர்கள் உண்டு. அது சுருக்கெழுத்து, முன்பு ஓடிய ஓட்டத்திலேயே பிரித்து வாசிக்க வேண்டும் என்பவர்களும் உண்டு. நான்கு பிரதிகளில் எதுவும் தீர்ப்புச் சொல்லவில்லை. நீட்டி வாசிக்கும்போது, அழுது ஓய்ந்தவர் மூச்சு வாங்குவது போன்ற அமைதி வருகிறது. இங்கே சாய்வு அந்தப் பக்கமே.

2000இல் பேரன்ரைட்டர் நிறுவனம், பெட்டினா ஷ்வெமர், டக்ளஸ் வுட்ஃபுல்-ஹாரிஸ் இருவரின் பொறுப்பில், இந்த வரலாற்றையெல்லாம் ஒரு பெட்டியில் அடக்கிக் கொடுத்தது. 4 கைப்பிரதிகளின் நிழற்படங்கள், 1824ஆம் ஆண்டு அச்சுப் பிரதியின் நிழற்படம், விளக்கவுரை, இவற்றோடு வாசிப்பதற்கான தாள். அந்தத் தாளில் ஸ்வரங்கள் இருக்கின்றன, பாடபேதங்கள் காட்டப்பட்டிருக்கின்றன, வளைகோடுகள் இல்லை. பதிப்பாசிரியர்கள் வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். எவர் கையும் தெரியாத வெற்று வரிகள்.

முதன்முதலாக அதை ஸ்டாண்டில் வைக்கும் மாணவர் திகைத்துத்தான் போவார். பிறகு அன்னா மக்தலேனாவின் பக்கத்தை இடப்புறமும் கெல்னரின் பக்கத்தை வலப்புறமும் விரித்து, அந்த முதல் 16 ஸ்வரங்களைப் பார்க்கிறார். பென்சிலை எடுத்து முதல் மூன்றின் மேல் மெல்ல ஒரு கோடு போடுகிறார். வில்லை இழுத்துப் பார்க்கிறார். பென்சிலை மறுபடி எடுக்கிறார். கோடு நான்காவது ஸ்வரத்துக்கு நீள்கிறது. இன்னொரு முறை வாசிக்கிறார். ரப்பரைத் தேடுகிறார்.